பாஸ்வேர்டுக்குக் காலக்கெடு எதற்கு?
அலுவலக ஐடி பிரிவு 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வது சரிதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கட்டாயப்படுத்தினால் என்ன நடக்கும்? கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள். இல்லையென்றால் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் வைப்பார்கள். பாஸ்வேர்டு கசிந்ததற்கான அறிகுறி இருந்தாலொழிய மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. 2019-ல் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து இந்தக் காலக்கெடுவை எடுத்துவிட்டது. அப்புறம் ஏன் இந்தப் பிடிவாதம்?

இதைவிடக் கொடுமை, அலுவலகக் கணக்கு முடங்கினால் டிக்கெட் போடச் சொல்வது, அதாவது ஐடி பிரிவுக்கு இணையத்தில் உதவிக் கோரிக்கை பதியச் சொல்வது. டிக்கெட் போடும் தளமும் அதே பாஸ்வேர்டைத்தான் கேட்கிறது! உள்ளேயே போக முடியாதவர் எப்படிப் புகார் செய்வார்? உதவி எண்ணையாவது லாகின் திரையில் போட்டு வையுங்கள்.