எந்த பிளாக் என்பதை எந்தத் தெரு என்பது முடிவு செய்யலாமா?

ஒருவருக்கு எத்தனை ஆண்டு தண்டனை என்பதை நீதிபதி முடிவு செய்கிறார். அதற்கான காரணத்தை எழுத்தில் தருகிறார். அதன்மேல் மேல்முறையீடும் உண்டு. அந்த ஆண்டுகளை அவர் எந்த பிளாக்கில், யார் பக்கத்தில், எவ்வளவு கெடுபிடியான காவலில் கழிப்பார் என்பதைச் சிறை நிர்வாகம் முடிவு செய்கிறது. இந்த இரண்டாவது முடிவுக்குக் கைதியிடம் யாரும் காரணம் சொல்லிப் பெரும்பாலும் நான் பார்த்ததில்லை. மதுரையில் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் எனக்கு, உள்ளே இருப்பவரின் அன்றாட வாழ்க்கையைத் தீர்ப்பைவிட இந்த முடிவே அதிகம் ஆள்கிறது என்று படுகிறது. இவர் என்ன செய்யக்கூடியவர் என்று கேட்டு எடுக்க வேண்டிய இந்த முடிவை, இவர் யார், எங்கே பிறந்தவர் என்று கேட்டே நம் சிறைகள் நெடுங்காலம் எடுத்துவந்திருக்கின்றன என்பதே என் புகார்.

1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு பிரித்துவைக்கச் சொல்வது மிகச் சிலரைத்தான்: பெண்களை ஆண்களிடமிருந்து, 21 வயதுக்கு உட்பட்ட ஆண்களை மற்றவர்களிடமிருந்து, விசாரணைக் கைதிகளைத் தண்டனைக் கைதிகளிடமிருந்து, சிவில் கைதிகளைக் குற்றவியல் கைதிகளிடமிருந்து. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருவிழாக் கைகலப்பில் முதன்முறையாக உள்ளே வந்த கல்லூரி மாணவனையும், கூலிக்குக் கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரையும் எப்படிப் பிரிப்பது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இருவருமே விசாரணைக் கைதிகள். அந்த இடைவெளியை மாநில விதிகள் கொஞ்சம் நிரப்பின. மீதியை அதிகாரிகளின் பழக்கம் நிரப்பியது.

விதிகள் நிரப்பிய விதத்திலேயே கோளாறு இருந்தது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகள் கைதிகளை ஏ வகுப்பு, பி வகுப்பு என்று பிரிக்கின்றன. சமூக நிலை, கல்வி, வாழ்க்கைப் பழக்கம் ஆகியவற்றால் உயர்ந்த வாழ்க்கைமுறைக்குப் பழகியவருக்கு ஏ வகுப்பு. இதன் வேர் 1930க்குப் போகிறது. இந்திய அரசியல் கைதிகளை ஐரோப்பியக் கைதிகளுக்கு நிகராக நடத்த வேண்டும் என்று கேட்டு, லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாநிலை இருந்த ஜதின் தாஸ் 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்நீத்தார். அடுத்த ஆண்டு அரசு கொண்டுவந்ததோ, அந்தஸ்தைப் பார்த்து ஏ, பி, சி என்று பிரிக்கும் ஏற்பாடு. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று. வீட்டில் கட்டிலில் படுத்துப் பழகியவருக்குச் சிறையிலும் கட்டில், தரையில் படுத்துப் பழகியவருக்குத் தரை என்பதில் பாதுகாப்பும் இல்லை, சீர்திருத்தமும் இல்லை. வசதியான கட்சிக்காரருக்கு ஏ வகுப்புக் கேட்டு மனுப்போடும் வழக்கறிஞர்களில் நானும் ஒருவன். விதி இருக்கும்வரை போடத்தான் வேண்டும். விதியே போய்விட்டால் வருத்தப்பட மாட்டேன்.

அதைவிடக் கூர்மையானது சாதி. செல்போன் பறிப்பு வழக்கில் ரிமாண்ட் ஆகித் தென்மாவட்டச் சிறை ஒன்றில் இருந்த ஓர் இளைஞனை அண்மையில் பார்க்கப் போயிருந்தேன். உள்ளே எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, “அட்மிஷன்ல சாதியெல்லாம் கேக்கல சார். ஊரு கேட்டாங்க, சொன்னேன். அந்த ஊர்ல எந்தத் தெருன்னாங்க. அதையும் சொன்னேன். சரி, நீ அந்த பிளாக்குக்குப் போன்னுட்டாங்க” என்றான். மேலத்தெருவா, கீழத்தெருவா, காலனியா என்று தெரிந்துவிட்டால் நம் பக்கத்தில் மேற்கொண்டு கேட்பதற்கு என்ன இருக்கிறது? அங்க அடையாளத்துக்காக அவனுடைய இடது முழங்கை மச்சத்தைத் தேடிப் பிடித்து எழுதிக்கொண்டவர்கள், அவன் இதற்கு முன் யாரையாவது அடித்திருக்கிறானா, போதை மாத்திரைப் பழக்கம் உண்டா, உள்ளே அவனுக்குப் பகையாளி யாரேனும் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இது ஒரு குமாஸ்தாவின் கிறுக்குத்தனம் என்று விட்டுவிட முடியாது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைக்கிறார்கள் என்று தொடரப்பட்ட வழக்கில், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல் சகஜம், அதைத் தவிர்க்கவே தனித்தனி பிளாக் என்று அரசு சொன்ன விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் ஏற்றுக்கொண்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாட்டை எதிர்த்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்க மறுத்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான பத்தியை நீக்க வேண்டும், மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்த வேண்டும், பழங்குற்றவாளி, அதாவது திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், என்ற முத்திரையைச் சட்டத்தில் உள்ள வரையறைப்படி மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாதிரிச் சிறைக் கையேட்டைத் திருத்தியது.

பழங்குற்றவாளி பற்றிய அந்தப் பகுதியை உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்ட பிறகு, பிறந்த குடும்பத்தை மட்டும் பார்த்து ஊர் ஊராகக் கைரேகை வாங்கினார்கள். இரவில் வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இதை எதிர்த்து நின்ற, உசிலம்பட்டி அருகே உள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாண்டவர்களுக்கு இன்றும் நினைவு நாள் நடக்கிறது. ஒரு மனிதன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதற்குப் பிறப்பை அளவுகோலாக வைத்த அந்தச் சட்டம் 1947இல் நம் மாகாணத்தில் ஒழிந்தது. அடுத்த ஆண்டே பழங்குற்றவாளிகள் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயர் மாறியதே தவிர, அந்தக் குடும்பங்களின் மேல் வைத்த கண்ணைக் காவல்துறை எளிதில் எடுத்துவிடவில்லை.

சிறை அதிகாரிகளின் பதில் எனக்குத் தெரியும். ஒரே பிளாக்கில் போட்டு நாளைக்குக் கொலை விழுந்தால் நீங்களா பொறுப்பு என்பார்கள். நியாயமான அச்சம்தான், சிறைக்குள் கொலை நடக்காத மாநிலமல்ல நம்முடையது. ஆனால் இரண்டு கும்பல்களுக்கு இடையே பழிவாங்கும் பகை இருந்தால், அந்த வழக்குகளின் எண்ணும் அந்த ஆட்களின் பெயரும் காவல் நிலையத்திலேயே இருக்கும். அவர்களைப் பெயர் சொல்லிப் பிரித்துவைப்பது பாதுகாப்பு. அந்தப் பகையோடு ஒட்டும் உறவும் இல்லாத செல்போன் பறிப்புப் பையனைத் தெருப் பெயரைக் கேட்டு அங்கே தள்ளுவது, அவனுக்கு இல்லாத ஒரு அணியை அவனுக்குக் கொடுப்பது. ஆறு மாதம் கழித்து வெளியே வரும்போது யாருடைய ஆளாக வருவான் என்பதை யோசித்துப் பாருங்கள். கலிபோர்னியாவும் இதே வாதத்தைத்தான் வைத்தது. புதிதாக வரும் கைதிகளை 60 நாள் வரை இனவாரியாக அறை பிரித்து வைத்தார்கள், கேங் சண்டையைக் காரணம் காட்டினார்கள். 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிறை என்பதற்காக இதில் சலுகை கிடையாது, மிகக் கடுமையான பரிசீலனைக்கு இதை உட்படுத்தியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது.

சரி, சாதியும் அந்தஸ்தும் கூடாதென்றால் வேறு எதைக் கொண்டு பிரிப்பது? அமெரிக்க ஒன்றியச் சிறைத்துறை மதிப்பெண் போடுகிறது. குற்றத்தின் கடுமை, பழைய தண்டனைகள், வன்முறை வரலாறு, தப்பியோடிய வரலாறு, போதைப் பழக்கம், வயது, படிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புள்ளிகள். தானாக வந்து சரணடைந்தவருக்கு மூன்று புள்ளி கழிக்கிறார்கள். மொத்தத்தைக் கூட்டி, ஆண்களில் 11 வரை எடுத்தவர் குறைந்தபட்சப் பாதுகாப்புக்கும் 24ஐத் தொட்டவர் உயர் பாதுகாப்புக்கும் போகிறார். இதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு புகழ மாட்டேன். 24 வயதும் அதற்குக் கீழும் என்றால் எடுத்த எடுப்பில் எட்டுப் புள்ளி, பள்ளிப் படிப்பை முடிக்காதவருக்கு மேலும் இரண்டு; இளைஞனாகவும் ஏழையாகவும் இருப்பதற்கே பத்துப் புள்ளி என்று இதைப் படிக்கலாம். எங்கள் ஊரில் இதை அப்படியே இறக்கினால், ஒரே போலீஸ்காரர் ஒரே தெருவில் திரும்பத் திரும்பப் பிடித்த சந்தேக வழக்குகளெல்லாம் வன்முறை வரலாறாக உருவெடுக்கும். ஆகவே வழக்குகளின் எண்ணிக்கையை எண்ணாமல், தண்டனையில் முடிந்தவற்றை மட்டும் எண்ண வேண்டும்.

அந்த முறையில் நான் மதிப்பது வேறொன்று. ஒரு முறை போட்ட மதிப்பெண்ணை அவர்கள் காலமுறைப்படி மறுபடி போடுகிறார்கள். எவ்வளவு தண்டனை கழிந்தது, உள்ளே சண்டை போட்டாரா, வேலையிலும் வகுப்பிலும் சேர்ந்தாரா, குடும்பத்தோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துக் காவலைத் தளர்த்தவோ இறுக்கவோ செய்கிறார்கள். அதாவது கைதியின் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. நம்மிடம் அதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே உண்டு: சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பில் உள்ள திறந்தவெளிச் சிறையில் நன்னடத்தைக் கைதிகள் விவசாயம் பார்க்கிறார்கள். உயர்ந்த மதில் இல்லாத இடத்தில் ஒருவரை நம்பி விட முடிகிறது என்றால், அந்த நம்பிக்கையை அளந்து பார்க்க நம் அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்? அந்த அளவையை ஏன் தண்டனைக் கைதிகளில் சிலருக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்? 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். வகைப்படுத்தலைத் தண்டனைக்குப் பிந்தைய சடங்காக வைத்திருந்தால், நான்கில் மூன்று பேர் அதற்கு வெளியேதான் நிற்பார்கள்.

கெடுபிடியான காவலுக்கும் இதே நியாயம்தான். 1978இல் சுனில் பத்ரா வழக்கில் கிருஷ்ணய்யர் உள்ளிட்ட நீதிபதிகள், தூக்குத் தண்டனை பெற்றவர் என்பதற்காகவே ஒருவரைத் தனிமைச் சிறையில் அடைக்கச் சிறைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு அதிகாரம் தரவில்லை என்று சொன்னார்கள். தண்டனையின் பெயர் மட்டும் போதாது, அந்த மனிதரைப் பற்றிய காரணம் வேண்டும் என்பதை அன்றே சொல்லியாகிவிட்டது.

மதுரை மத்திய சிறையை அரசரடியிலிருந்து மேலூர்ப் பக்கம் இடையபட்டிக்கு மாற்றும் திட்டம் நெடுநாளாகப் பேசப்பட்டுவருகிறது. புதுக் கட்டடத்துக்குப் போகும்போது பழைய பிளாக் கணக்கையும் மூட்டை கட்டிக் கொண்டுபோகக் கூடாது. அட்மிஷன் அன்றே நல அலுவலர் ஒருவர் உட்கார்ந்து, பகை, வன்முறை, உடல்நிலை, போதை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றை மட்டும் கேட்டு ஒரு தாளில் எழுதட்டும். எந்த பிளாக், ஏன் என்று அதில் இரண்டு வரி இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்தட்டும். அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கைதியிடம் கொடுத்தால், எதை எதிர்த்து மனுப்போடுவது என்றாவது எங்களுக்குத் தெரியும்.