விக்காவும் ஷாமனியமும் ஒன்றல்ல

"விக்கா என்பது ஐரோப்பாவின் ஷாமனியம்" என்று பலர் எழுதுகிறார்கள். நானும் நெடுங்காலம் அப்படியே நம்பியிருந்தேன். விக்காவின் மீது மதிப்பும், ஷாமன்களைப் பெற்ற மக்களின் மீது அக்கறையும் உள்ளவன் என்ற முறையில், அந்த வாக்கியம் இரு தரப்புக்கும் நியாயம் செய்யவில்லை என்றே இப்போது கருதுகிறேன். விக்கா என்பது இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான சூனிய வழிபாட்டுச் சமயம். ஷாமனியம் என்பது தம் சமூகத்துக்காக ஆவிகளோடு பேசும் ஷாமன்களின் வழக்கம்.

விக்காவை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர் (1884–1964) இங்கிலாந்தில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பின்னர் போர்னியோவிலும் மலாயாவிலும் இரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றிச் சுங்க அதிகாரியாகி, 1936இல் ஓய்வு பெற்றார். போர்னியோவின் பழங்குடிகளான தயாக் மக்களின் சடங்குகளையும் மலாய் மந்திர வைத்தியர்களையும் பக்கத்திலிருந்து அறிந்தவர். மலாய்க் கிரிஸ் கத்திகளைப் பற்றித் தனி நூலே எழுதியவர். ஆயினும், ஆவிகளோடு பேசுவோர் வாழ்ந்த நிலங்களில் இவ்வளவு காலம் கழித்த அந்த மனிதர் ஊர் திரும்பி வடித்தெடுத்த வழிபாட்டின் எலும்புக்கூடு, பெரும்பாலும் ஐரோப்பாவிலேயே கிடைத்தது. படிப்படியான தீட்சை முறையில் ஃப்ரீமேசன் என்ற ஐரோப்பியச் சகோதரத்துவச் சங்கங்களின் சாயல் உண்டு. வட்டமிட்டு நான்கு திசைகளை அழைப்பது மேற்கத்திய மந்திரச் சங்கங்களின் வழக்கம். சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டோர் உண்மையில் பழஞ்சமயம் ஒன்றைக் காத்தவர்கள் என்ற கருத்து மார்கரெட் மர்ரே 1921இல் முன்வைத்து, பின்வந்த வரலாற்றாய்வாளர்கள் நிராகரித்தது. பிரிட்டனின் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் இந்தச் சமயத்தைப் பற்றிய கார்ட்னரின் நூல் வெளிவந்தது. எழுபது ஆண்டுகளே ஆன இளம் சமயம் என்பதால் விக்காவின் பெருமை ஒரு துளியும் குறைவதில்லை. இரவல் தொன்மை அதற்குத் தேவையே இல்லை.

ஷாமன் என்பது சைபீரியாவின் எவெங்கி மக்களின் மொழியிலிருந்து ரஷ்யர் வழியாக உலகுக்கு வந்த சொல். அது 'சிரமண' என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது என்று சில அறிஞர்கள் கருதினார்கள். அது சரியென்றால் நம் 'சமணர்' என்ற சொல்லுக்கு அது உறவாகிவிடும். எவெங்கி மொழியிலேயே அதற்கு வேர் இருக்கிறது என்பாரும் உண்டு. எப்படியாயினும் அச்சொல் குறிப்பது ஒரு பொறுப்பை. ஒரு மதத்தை அன்று. ஷாமன் பெரும்பாலும் தானாக விரும்பி அந்த வேலைக்கு வருவதில்லை. கடும் நோயாகவோ கனவாகவோ வரும் அழைப்பை மறுக்க முடியாமல் ஏற்கிறார். நோயுற்றவரின் தொலைந்துபோன உயிரைத் தேடிக் கொண்டுவருவதும், வேட்டை பொய்த்த காரணத்தை ஆவிகளிடம் கேட்டறிவதும் அவர் தம் சமூகத்துக்குச் செய்யும் கடமைகள். விக்கா வழியில் செல்பவரோ தாமே தேடிச் சென்று சேர்கிறார். மரபுப்படி ஓராண்டும் ஒரு நாளும் பயின்று தீட்சை பெறுகிறார். பௌர்ணமிகளையும் ஆண்டின் எட்டுத் திருநாள்களையும் கொண்டாடுகிறார்.

சடங்கின் திசையும் வேறு. விக்காவின் 'நிலவை இறக்கும்' சடங்கில் பூசாரிப் பெண்ணின் உடலுக்குள் தேவி இறங்கிப் பேசுகிறாள். சாமி இறங்கி அருள்வாக்குச் சொல்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே விளங்கும். ஷாமனைத் தனித்துக் காட்டுவது, பறையொலியில் ஏறித் தம் உயிரையே மேலுலகுக்கும் கீழுலகுக்கும் அனுப்பி மீளும் பயணம். சைபீரியாவில் ஆவிகள் உடலில் இறங்குவதும் உண்டு என்பதால் இந்தக் கோட்டை மிக அழுத்தமாக இழுக்கக் கூடாது. ஆனால் கோடு இருக்கிறது.

இரண்டும் கலந்துபோனதில் மைக்கேல் ஹார்னருக்குப் பெரும்பங்கு உண்டு. அமேசான் பகுதியில் ஷுவார், கோனிபோ மக்களிடையே ஆய்வு செய்த அந்த மானிடவியலாளர், 1980இல் வெளியிட்ட நூலில் பறையின் சீரான வேகமான தாளத்தை மட்டும் முதன்மையாக வைத்து, எந்தப் பண்பாட்டையும் சாராத 'மைய ஷாமனியம்' என்ற பயிற்சியை வகுத்தார். விக்கா வட்டங்களில் பலரும் அதைக் கற்றார்கள். பறையடித்துத் தியானிப்பதை நான் குறை கூறவில்லை. ஊரும் நோயாளியும் கடமையும் கழிந்த பின் எஞ்சும் உத்தியை ஷாமனியம் என்று அழைப்பதையே ஏற்க முடியவில்லை. சோவியத் ஆட்சியில் 1920களிலும் 30களிலும் பறைகளைப் பறிகொடுத்துச் சிறைக்குப் போன ஷாமன்கள் இழந்தது ஓர் உத்தியை மட்டுமா?

ஐரோப்பாவில் ஷாமனியத்தை ஒத்த ஒன்றைக் காண விரும்புவோர் விக்காவைவிட இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியைப் பார்ப்பது நல்லது. வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் கத்தோலிக்கத் திருச்சபையின் சமய விசாரணை ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்த 'பெனன்டான்டி' மக்கள், தலையில் பனிக்குடச் சவ்வு மூடியபடி பிறந்தவர்கள். ஆண்டுக்கு நான்கு பருவங்களில், உடல் படுக்கையில் கிடக்க, அவர்களின் உயிர் வெளியேறிச் சென்று விளைச்சலைக் காக்கப் போரிட்டது. அவர்கள் கையில் சோம்புத் தண்டு, எதிரிகளான சூனியக்காரர் கையில் சோளத்தட்டை. விசாரணை அதிகாரிகள் பல பத்தாண்டுகள் கேட்ட அதே கேள்விகளின் அழுத்தத்தில், சூனியத்தை எதிர்த்தவர்களே தம்மைச் சூனியக்காரர் என்று ஒப்புக்கொள்ளத் தொடங்கினார்கள்.

சூனிய வழக்கும் ஷாமனும் நேருக்கு நேர் சந்தித்த இடம் வட நார்வே. 17ஆம் நூற்றாண்டில் ஃபின்மார்க்கில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட 91 பேருக்கு, வார்டோவில் 2011இல் நினைவிடம் திறக்கப்பட்டது. அதே பகுதியின் வாட்சோ நகர நீதிமன்றத்தில் 1692இல் நின்றவர் ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற முதியவர். வட ஐரோப்பாவின் பழங்குடிகளான 'சாமி' (Sámi) இனத்தைச் சேர்ந்தவர். பறிமுதல் செய்யப்பட்ட தம் பறையில் வரைந்திருந்த உருவங்கள் ஒவ்வொன்றின் பொருளையும் அவர் நீதிமன்றத்தில் விளக்கினார். பறையை எப்படிப் பயன்படுத்துவது என்றும் செய்து காட்டினார். தீர்ப்பு வருமுன், காவலில் இருந்தபோதே, மனநிலை பிறழ்ந்த ஒருவனின் கோடாரிக்கு இரையானார். பறை டென்மார்க் அரசரின் சேகரிப்புக்குப் போனது. 1979 முதல் கராஷோக்கில் உள்ள சாமி அருங்காட்சியகத்தில் இரவல் பொருளாகவே இருந்த அது, 2022இல்தான் சாமி மக்களின் சொந்த உடைமையானது.