ஸ்வாட் டீம் வர்ற வரைக்கும் யாரு உள்ள போறது?

கறுப்பு டிரெஸ், ஹெல்மெட், கவச வண்டின்னு ஸ்வாட் டீம் (ஆபத்தான வேலைக்குன்னே இருக்குற அமெரிக்க போலீஸ் சிறப்புப் படை) வீடியோவ நெறைய பேர் ஷேர் பண்றீங்க, பாக்க கெத்தா தான் இருக்கு, ஆனா எனக்கு அதப் பாத்தாலே உவால்டே தான் ஞாபகம் வருது.

டெக்சாஸ்ல சுமார் 15,000 பேர் இருக்குற ஊரு, அந்த ஊர் போலீசுக்கே ஒரு ஸ்வாட் டீம் இருந்துச்சு. 2022 மே 24, ராப் ஆரம்பப் பள்ளிக்குள்ள ஒருத்தன் துப்பாக்கியோட நுழையுறான். மூணே நிமிஷத்துல போலீஸ் உள்ள வந்துட்டாங்க, கிளாஸ் கதவுகிட்ட போனதும் அவன் சுட்டான், ரெண்டு பேருக்கு லேசா காயம், எல்லாரும் பின்னாடி வந்துட்டாங்க. போலீஸ் வந்ததுல இருந்து அவன சுட்டு வீழ்த்துற வரைக்கும் 77 நிமிஷம்! மொத்தம் 376 போலீஸ், ரைஃபிள் இருக்கு, ஷீல்டு வந்தாச்சு, சாவி தேடிக்கிட்டு நிக்குறாங்க, அந்தக் கதவு பூட்டியே இருந்திருக்காதுன்னு பின்னாடி விசாரணைல சொன்னாங்க. காரிடார் கேமரால ஒரு போலீஸ்காரர் சுவத்துல இருக்குற சானிடைசர எடுத்து கையில தேய்ச்சிக்கிறாரு, உள்ள ஒரு சின்னப் பொண்ணு 911ங்குற அவசர நம்பருக்கு போன் போட்டு போலீஸ அனுப்புங்கன்னு ரகசியக் குரல்ல கெஞ்சிக்கிட்டு இருக்கு. 19 புள்ளைங்க, 2 டீச்சருங்க செத்துப்போனாங்க. மனசு ஆறவே மாட்டேங்குது.

காத்திருக்கிறதே தப்புன்னு நான் சொல்லல. ஒருத்தன் ரூமுக்குள்ள தனியா பூட்டிக்கிட்டு உக்காந்திருந்தா நேரம் போலீஸ் பக்கம், பேசி வெளிய கொண்டு வரலாம், ஸ்வாட்டோட பாதி வேலையே அந்தப் பொறுமை தான். ஆனா உள்ள அடிபட்ட புள்ளைங்க இருக்கும்போது ஒவ்வொரு நிமிஷமும் ரத்தம். உவால்டேல ரெண்டாவது நிலைமைய மொதல் நிலைமையா நெனச்சுட்டாங்க.

இதுக்கு 1999லயே பாடம் படிச்சாச்சு. கொலம்பைன் ஸ்கூல் துப்பாக்கிச்சூட்டுல, அன்னைக்கு இருந்த ட்ரெயினிங் படி ரோந்து போலீஸ் வெளிய வளைச்சு நின்னாங்க, இங்க ஒருத்தர் ரத்தம் போய் செத்துக்கிட்டு இருக்காருன்னு பசங்க ஜன்னல்ல எழுதி வச்சும் அடிபட்டுக் கிடந்த அந்த டீச்சர்கிட்ட போய்ச் சேர மூணு மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம் தான் மொதல்ல வர்றவங்களே, ஸ்வாட்டுக்குக் காத்திருக்காம, சுடுற சத்தம் வர்ற பக்கம் போகணும்னு மாத்தினாங்க. உவால்டே ஸ்கூல் போலீசுக்கு அந்த ட்ரெயினிங் ரெண்டு மாசம் முன்னாடி தான் குடுத்திருக்காங்க. ஒரு நாள் கிளாஸ்ல உக்கார வச்சு சர்ட்டிபிகேட் குடுத்தா அது ட்ரெயினிங்கா? கை கால் தன்னால போற வரைக்கும் திரும்பத் திரும்ப செஞ்சு பாக்கணும், யாரு கமாண்டர்ங்குறதையும் சேத்து.

2023ல நாஷ்வில் கவனன்ட் ஸ்கூல்ல துப்பாக்கிச்சூடு நடந்தப்ப போலீஸ் சட்டைல இருந்த பாடிகேமரா வீடியோவ பாருங்க. உள்ள போறவங்க ஸ்வாட் இல்ல, சாதாரண போலீஸ் தான். வாசல்ல ஸ்கூல்ல வேலை பாக்குற ஒரு அம்மா ஒரு போலீஸ்காரர்கிட்ட சாவியக் குடுத்து ரெண்டு புள்ளைங்கள காணோம்னு சொல்றாங்க, அவரு மூணு பேர் வாங்கன்னு கத்திட்டு கதவத் தொறந்து உள்ள போறாரு. உள்ள போன சில நிமிஷத்துல சுட்ட ஆளு காலி.