பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுப்பவர்கள்

“எல்லோரையும் படிக்க வைத்துவிட்டால் நாடு தானாகத் திருந்திவிடும்” என்று நண்பர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். எனக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. படிக்க வைப்பது யார்? அதில் அவருக்கு என்ன கணக்கு?

ஊருக்கு ஊர் அரசுப் பள்ளி வருவதற்கு வெகுகாலம் முன்பே இதைக் கேட்டவர் கோந்தோர்சே. பிரபு குடும்பத்தில் பிறந்த கணிதர். பாரிஸ் அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலாளர். பிரெஞ்சுப் புரட்சியின் பக்கம் வந்தவர். 1792 ஏப்ரல் 20 அன்று பிரெஞ்சுச் சட்டமன்றத்தில் பொதுக்கல்வி குறித்த தன் அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆஸ்திரியாமீது போர் தொடுக்க வேண்டும் என்று முன்மொழிவதற்காகப் பதினாறாம் லூயி மன்னர் அமைச்சர்களுடன் வந்துவிட்டார். அன்றே போர்த் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோந்தோர்சேயும் அந்தப் போரை ஆதரித்தவர்தான், அதை மறைப்பானேன்? அறிக்கையின் மீதியை மறுநாள் வாசித்தார். அச்சிடச் சொன்னார்கள். அதோடு சரி, சட்டமாகவில்லை.

ஐரோப்பாவின் அறிவொளிக் காலம் என்றதும் அந்தக் காலத்து அறிஞர்கள் எல்லோரும் ஏழைக்குப் பள்ளி கேட்டவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. உழவர் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று எழுதிய லா ஷலோத்தே என்பவருக்கு வோல்டேர் 1763இல் நன்றி தெரிவித்துக் கடிதமே எழுதினார். அவர் நிலத்தில் வேலை செய்ய ஆள் வேண்டுமாம்!

கோந்தோர்சே வேறு வார்ப்பு. 400 பேர் வாழும் ஊர் என்றால் அங்கே ஒரு தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும். அதற்கு மேலே மூன்று படிகள். நான்கு படிகளிலும் கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஆசிரியர் ஊரில் எல்லா வயதினருக்கும் பாடம் நடத்த வேண்டும். பள்ளியை விட்டு இறங்கியதும் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே பள்ளி உள்ள ஊரில் பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கட்டும் என்றார். பெண்களுக்குக் கல்வி ஏன் என்பதற்கு 1791இல் நான்கு காரணங்கள் எழுதியிருந்தார். பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக்கொள்வார்கள், குடும்பத்தில் ஏற்றத்தாழ்வு இராது, கணவன்மார் கற்றதை மறக்காமல் இருக்க உதவும் என்று முதல் மூன்றும் வீட்டைச் சுற்றியே வருகின்றன. நான்காவது: ஆணுக்குள்ள அதே உரிமை பெண்ணுக்கும் உண்டு. அதையே முதலில் எழுதியிருக்கலாமே என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இலவசம், சமத்துவம் இவற்றையெல்லாம் விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறோர் இடம். பிரான்சின் அரசமைப்பையோ மனித உரிமைப் பிரகடனத்தையோகூட வானத்திலிருந்து இறங்கிய பலகைகளாக, வணங்கி நம்ப வேண்டியவையாக, எந்த வகுப்பு மக்கள் முன்னும் வைக்கக் கூடாது என்கிறார். சொல்வது யார்? அந்தப் புரட்சிக்காகவே வாழ்ந்த மனிதர். முந்தைய ஆண்டுதான் தாலேரான் என்ற புரட்சிக்கால அரசியல்வாதி தன் கல்வி அறிக்கையில், உரிமைப் பிரகடனம் இனிப் பிள்ளைகளின் புதிய ஞானோபதேசமாக, அதாவது பாதிரியார் மனப்பாடம் செய்ய வைக்கும் மதப் பாடத்தின் இடத்தில், அமையும் என்று பெருமையாக எழுதியிருந்தார். பாதிரியாரிடமிருந்து பிரம்பை வாங்கி அரசின் கையில் கொடுப்பதற்கா இவ்வளவு பாடு என்பது கோந்தோர்சேயின் எரிச்சல். தன் கொள்கைக்கு எதிரான கருத்து கற்பிக்கப்படுவதைத் தடுக்கும் அதிகாரம் எந்தப் பொது அமைப்புக்கும் இருக்கக் கூடாது என்றும் எழுதினார். செலவு அரசுடையது, பிடி அரசுடையதல்ல.

எங்கள் பாடப்புத்தகங்களின் முன்பக்கத்தில் “தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத் தன்மையற்ற செயல்” என்று அச்சிட்டிருக்கும். மூன்று வரியும் உண்மை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டை போடும்போது பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட வகுப்பில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து, நம் ஊரில் இது எங்கே நடக்கிறது என்று கேட்டதில்லை. பலகை என்று அவர் சொன்னது எனக்கு அந்தப் பக்கத்தை வைத்துத்தான் புரிந்தது.

சரி, பள்ளி அரசின் கையில் இல்லையென்றால் யார் கையில்? இங்கேதான் கோந்தோர்சே சறுக்குகிறார். உச்சியில் ஓர் அறிஞர் சங்கம் இருக்கும், உறுப்பினர்களை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், பள்ளிகளை மேற்பார்க்கும் என்கிறார். அறிஞர்களின் புதிய பிரபுக்குலம் வருகிறதா என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அறிஞர்கள் தம்மைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அறிய, எந்தப் பல்கலைக்கழகத்திலாவது ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தால் போதும்.

எதிர்த்தரப்பையும் சும்மா ஒதுக்கிவிட முடியாது. மன்னரைக் கொல்ல வாக்களித்ததற்காகக் கொலையுண்ட ல பெலத்தியே ஒரு திட்டம் எழுதி வைத்திருந்தார். 1793 ஜூலை 13 அன்று அதைப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரொபெஸ்பியர் மன்றத்தில் வாசித்தார். ஐந்து வயதானதும் பிள்ளைகள் எல்லோரும் அரசு விடுதிக்கு வந்துவிட வேண்டும். ஒரே உடை, ஒரே சோறு. பையன்கள் பன்னிரண்டு வயது வரை, பெண்பிள்ளைகள் பதினொன்று வரை. கேட்கவே, பிள்ளைகளை அரசே எடுத்து வளர்த்த பழைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் வாடை அடிக்கிறது. ஆனால் அவர் பிடித்த முடிச்சு உண்மையானது: பள்ளி இலவசம் என்றாலும், கூலிக்குப் போகும் பிள்ளை எப்படி வரும்? பணக்காரனிடம் வரி வாங்கி அந்தப் பிள்ளைக்குச் சோறு போடு என்றார் அவர். கோந்தோர்சேயிடம் இதற்கு இவ்வளவு தெளிவான பதில் இல்லை. ல பெலத்தியே பிள்ளையின் வயிற்றைப் பார்த்தார், அதன் மூளையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளப் பார்த்தார். எனக்கு அந்தச் சோறும் வேண்டும், இந்தச் சந்தேகமும் வேண்டும்.

ரொபெஸ்பியர் அதை வாசித்தபோது கோந்தோர்சேயைக் கைது செய்ய உத்தரவு வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பாரிஸில் வெர்னே என்ற அம்மையார் வீட்டில் பல மாதங்கள் ஒளிந்திருந்து, மனித அறிவின் முன்னேற்றம் பற்றி நூல் எழுதினார். தன்னால் அந்த அம்மையாருக்கு ஆபத்து வரக் கூடாது என்று 1794 மார்ச்சில் வெளியேறினார், பிடிபட்டார். காவல் அறையில் இறந்து கிடந்தார்.

அடுத்த ஆண்டு வந்த கல்விச் சட்டம் மாணவர்களிடமே கட்டணம் வாங்கச் சொன்னது. தொடக்கக் கல்வி இலவசமாக 1881 ஆயிற்று. மறு ஆண்டு கட்டாயமும் ஆயிற்று, மதபோதனையும் வகுப்பை விட்டுப் போயிற்று. அந்த 1882ஆம் ஆண்டிலேயே பள்ளிப் படைகள் என்று இன்னோர் ஆணையும் வந்தது. ஜெர்மனியிடம் தோற்ற கோபம் ஆறாத காலம் அது. வாய்ப்பாடு சொல்லி முடித்த பையன்கள் முற்றத்தில் வரிசையாக நின்று, மரத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, இடம் வலம் என்று நடைபழகினார்கள்.