ஜோ மீக்கைப் பைத்தியக்கார மேதை என்று சொல்லாதீர்கள்

1960-களின் லண்டன் பாப் இசைத் தயாரிப்பாளர் ஜோ மீக் பேச்சு எங்கே வந்தாலும் முதலில் வருவது 1967 பிப்ரவரி 3-தான். அன்று, தான் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்கார அம்மா வயலட் ஷென்டனைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கிறது, அதைப் பூசி மெழுகக் கூடாது. ஆனால் அந்த முடிவை வைத்து, அதற்கு முன் அவர் செய்த வேலை முழுவதையும் 'பைத்தியக்கார மேதை' என்று முத்திரை குத்தும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த வேலை அத்தனையும் தெரிந்து செய்தது.

விமானப்படையில் ரேடார் பார்த்தவர். அப்புறம் லண்டனின் பெரிய ஸ்டுடியோக்களில் ஒலிப்பதிவு. பிறகு ஹாலோவே ரோடு 304-ஆம் எண்ணில், தோல் சாமான் கடைக்கு மேலே இருந்த வாடகை வீட்டையே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டார். 1964-இல் ஹனிகோம்ஸ் குழுவின் 'ஹேவ் ஐ தி ரைட்' பாட்டுக்கு, படிக்கட்டுக் கைப்பிடியில் சைக்கிள் கிளிப்பால் மைக்குகளை மாட்டி, குழுவினரை மரப்படிகளில் ஓங்கி மிதிக்கச் சொன்னார். கேட்டுப் பாருங்கள், டிரம்ஸோடு சேர்ந்து அந்த மிதி நெஞ்சில் இறங்கும். பிரிட்டனில் அது முதலிடம்.

டார்னடோஸ் குழுவுக்காக அவர் மெட்டமைத்துப் பதிவு செய்த 'டெல்ஸ்டார்' அதற்கும் முன்னால், 1962-இல். மீக்குக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, மெட்டை வாயால்தான் பாடிக் காட்டுவார். அதில் வானத்துக்கு ஏறுகிற அந்த ஓசை கிளாவியோலின் என்ற மின்னணுக் கீபோர்டு. 'நாகின்' இந்திப் படத்தில் மகுடியாக ஒலித்ததும் அதே வாத்தியம்தான். இந்தப் பாட்டால் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் குழு டார்னடோஸ். பீட்டில்ஸுக்கு அந்த இடம் கிடைத்தது 1964-இல்.

ஓசையை விடவும் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் தொழில் செய்த விதம். அப்போது தயாரிப்பாளர் என்றால் பெரும்பாலும் கம்பெனியின் சம்பளக்காரர். ஜார்ஜ் மார்ட்டினே இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் சம்பளத்துக்குத்தான் பீட்டில்ஸ் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். மீக் தன் வீட்டில் தானே பதிவு செய்து, டேப்பை டெக்கா போன்ற கம்பெனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். டேப் அவருடையது. இன்று வீட்டில் பதிவு செய்து உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் எல்லோருக்கும் அவர் முன்னோடி.

அதற்குப் பலன் கிடைத்ததா என்றால், இல்லை. மெட்டு தன்னுடையது என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான் லெட்ரூ வழக்குப் போட, 'டெல்ஸ்டார்' ராயல்டி முடங்கியது. மீக்குக்குச் சாதகமாக முடிவு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கடனில்தான் போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட டேப்புகளைத் தேயிலைப் பெட்டிகளில் அடைத்து வெறும் 300 பவுண்டுக்கு விற்றார்கள். பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்த அவற்றை 2020-இல் செர்ரி ரெட் நிறுவனம் வாங்கி, இப்போது ஒவ்வொன்றாக வெளியிட்டு வருகிறது. முதலில் அவற்றைக் கேளுங்கள்.