வாறதெண்டா வாறன் எண்டு சொல்லுங்கோ, இல்லையெண்டா இல்லை எண்டு சொல்லுங்கோ

"அடுத்த முறை போகேக்க எங்களுக்கும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன் அக்கா."

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று முல்லைத்தீவுக் கடற்கரையில் எடுத்த படங்களை எங்கள் சபை வாலிபர் வட்ஸ்அப் குறூப்பில் போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வந்து விழுந்தது இந்த வரி. கூடவே ஓர் அழுமூஞ்சி எமோஜி வேறு. எழுதியவருக்கு ஆண்டவர் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். என் பட்டியலில் ஏழாவது பெயர் அவருடையதுதான். அவருக்கும் சேர்த்துப் பாண் வாங்கி, அவருக்கும் சேர்த்துக் கோழி வெட்டி, அவருக்காகக் கிளிநொச்சிக் கரடிப்போக்குச் சந்தியில் வெயில் ஏறும்வரை நின்றவள் நான். எனக்கு அவர் சொல்கிறார், தனக்குச் சொல்லவில்லையாம்! "ஆமென் அக்கா, கர்த்தருக்குச் சித்தமானால் கட்டாயம் வாறன்" என்று அவர் எழுதியது அதே குறூப்பில், விரலால் கொஞ்சம் மேலே தள்ளினால் தெரியும் தூரத்தில், இன்னும் கிடக்கிறது. அதையாவது அழித்துவிட்டு அழுதிருக்கலாம்.

உங்கள் சபையிலும் இதே கூத்துத்தான் என்று தெரியும். வவுனியா, மாங்குளம், மல்லாவி, எங்கே இருந்தாலும் வாலிபர் குறூப் ஒன்றுதான். நான் கேட்ட கேள்வி இது: "முல்லைத்தீவுக்குப் போகிறோம், வாகனம் பிடிக்க வேண்டும், யார் யார் வருகிறீர்கள்?" இதற்கு ஓம் என்று ஒரு பதில் இருக்கிறது, இல்லை என்று ஒரு பதில் இருக்கிறது. எனக்கு வந்தவை: ஆமென். ஆமென். கைகூப்பும் எமோஜி. "ஜெபத்தில் வைக்கிறேன்." "தேவன் வழி நடத்துவாராக." ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்க வசனம் அனுப்பினார், அது வருகிறேன் என்பதா வரவில்லை என்பதா என்று இன்றுவரை தெரியாது. மிச்சப்பேர் எல்லோரும் அந்த மகா வாக்கியம்: கர்த்தருக்குச் சித்தமானால் வாறன். ஐயா, அம்மா, நான் ஜெப விண்ணப்பம் கேட்கவில்லை. எத்தனை சீற் என்று கேட்டேன்!

யாக்கோபு நிருபத்தில் இருப்பதுதானே என்று வசனத்தோடு சண்டைக்கு வருவீர்கள். இருக்கிறது, 4ஆம் அதிகாரத்தில். இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருடம் தங்கி வியாபாரம் செய்வோம், லாபம் எடுப்போம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவர்களுக்குச் சொன்னது அது. பாண் வாங்க ஆள் கணக்குக் கேட்டவளுக்குச் சொன்னதல்ல. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று மத்தேயு 5இல் ஆண்டவரே சொன்னதும் இருக்கிறது. அதை மட்டும் ஒருவரும் ஸ்ரேற்றஸில் வைப்பதில்லை.

ஏன் போயா என்றால், எங்களுக்கு வேறு நாள் ஏது? கிழமை நாளில் வேலை. சனிக்கிழமை அரைநாள் வேலை, பின்னேரம் பாடகர் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய மதியம், பிறகு ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் கூட்டம், அதற்குப் பிறகு யாராவது ஒரு அன்ரியின் வீட்டில் ஜெபம். ஆக, கிளிநொச்சியில் ஒரு வாலிபக் கிறிஸ்தவளுக்குக் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பௌர்ணமி வந்தால்தான் உண்டு. போயாவுக்கு இறைச்சிக்கடை பூட்டு. ஆகவே கோழியை முதல் நாளே வாங்க வேண்டும், வாங்கினால் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி கொள்ளாது, கொள்ளாவிட்டால் இரவே சமைக்க வேண்டும். இதற்குத்தான் ஆள் கணக்கு! சும்மா பெயர் சேர்க்கும் ஆசையில் கேட்கவில்லை.

முதலில் ஒரு ஹயஸ் வான்தான் பேசினேன். பிறகு ஆமென்கள் கூடக் கூட வான் போதாது என்று தோன்றியது. நான்தான் மடைச்சி, விசுவாசித்துவிட்டேன். வானை விட்டுவிட்டு 26 சீற் பஸ் பேசினேன், அட்வான்ஸ் கட்டினேன். இருபது இறாத்தல் பாண். அம்மா நடுச்சாமம்வரை அடுப்படியில் நின்றா. "இவ்வளவு பேரும் வருவினமோ பிள்ளை?" என்று கேட்டா. "ஓமம்மா, எல்லாரும் ஆமென் போட்டவை" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அகப்பையை மட்டும் சட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினா. அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குக் கரடிப்போக்கு என்று சொல்லியிருந்தேன். ஆறு மணிக்கு நின்றவை: நான், தம்பி, கறிச்சட்டி, பாண் மூட்டை, சாரதி அண்ணை. ஆறேகாலுக்கு இரண்டு பெட்டைகள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தாய்மாரும் கூட வந்திருந்தார்கள், பாஸ்டர் ஐயா வருகிறாரா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய. பாஸ்டர் வந்தார், தாய்மார் போனார்கள். ஆறரைக்கு நான் போன் எடுக்கத் தொடங்கினேன். முதலாமவர்: "வெளிக்கிட்டிட்டன் அக்கா." பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். இரண்டாமவர்: மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மூன்றாமவர்: துண்டித்துவிட்டு "மீற்றிங்கில் நிக்கிறன்" என்று தானியங்கிச் செய்தி. போயா நாளில், காலை ஆறரைக்கு, என்ன மீற்றிங்? நான்காமவருக்கு எடுத்தால் அவருடைய அப்பா எடுத்து, "பிள்ளை படுக்குது, எழுப்பவோ?" என்று கேட்டார். எழுப்புங்கோ என்றேன். ரெலிபோனை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் எழுப்பும் சத்தம் கேட்டது, "என்னைக் கேட்டா இல்லை எண்டு சொல்லுங்கோ அப்பா" என்று பிள்ளை சொன்ன சத்தமும் கேட்டது. அப்பா திரும்பி வந்து, பாவம் மனிசன், "பிள்ளைக்குக் கொஞ்சம் காய்ச்சல் போலக் கிடக்கு" என்றார். ஒரு தகப்பனைக் காலங்காத்தால பொய் சொல்ல வைத்த பாவம் யாருடைய கணக்கில் எழுதப்படும்?

ஐந்தாமவர் கதைதான் உச்சம். போன் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. சரி என்று அவருடைய ஸ்ரேற்றஸைத் திறந்தால், அப்போதுதான் போட்டிருக்கிறார், இரண்டு நிமிடத்துக்கு முன்: கழுகு ஒன்று பறக்கிறது, கீழே ஏசாயா 40, கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள். நாங்கள் இங்கே இவருக்குக் காத்திருந்து இருந்த பெலனும் போய் நிற்கிறோம்!

"தங்கச்சி, இன்னும் ஆரும் வருவினமோ?" என்று சாரதி அண்ணை மூன்றாவது பிளேன்ரீயோடு கேட்டார். என்ன சொல்வது? என் வாயில் தானாக வந்தது, "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று. அண்ணை சைவம். தலையை ஆட்டிவிட்டு நாலாவது பிளேன்ரீக்குச் சொன்னார்.

எட்டு மணி தாண்டியது. வந்தது பாஸ்டரோடு சேர்த்து ஒன்பது பேர். சரி, வெளிக்கிடுவோம் என்றால், பாஸ்டர் ஐயா "ஒரு சின்ன ஜெபம்" என்றார். எங்கள் ஐயா தங்கமான மனிதர், ஆனால் அவருக்குச் சின்ன ஜெபம் தெரியாது. நாலு சில்லுக்கும் ஜெபித்தார். சாரதியின் கண்ணுக்கும் காலுக்கும், பரந்தன் சந்திக்கும், தெருவில் நிற்கும் மாடுகளுக்கும் ஜெபித்தார். கடைசியில், "வர வாஞ்சித்தும் வர முடியாமற்போன உம்முடைய பிள்ளைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. வாஞ்சித்தார்களாம்!

லூக்கா 14இல் ஒரு பெரிய விருந்து வருகிறதே. அழைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராகச் சாட்டுச் சொல்வார்கள். ஒருவன் வயல் வாங்கினேன், போய்ப் பார்க்க வேண்டும் என்கிறான். ஒருவன் ஐந்து ஏர் மாடு வாங்கினேன் என்கிறான். ஒருவன் கலியாணம் கட்டிவிட்டேன், வரமுடியாது என்கிறான். சின்ன வயதில் ஓய்வுநாள் பாடசாலையில் அவர்களைப் பொல்லாதவர்கள் என்று படித்தேன். இப்போது நினைத்தால் எவ்வளவு நல்ல மனிதர்கள்! வரமாட்டேன் என்று வாயைத் திறந்து சொன்னார்கள். காரணமும் சொன்னார்கள். அந்த வீட்டு எஜமானுக்குச் சமைக்கும் முன்னே தெரியாவிட்டாலும் பரிமாறும் முன்னாவது தெரிந்தது.

எங்கள் குறூப்பிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். உடுப்புக் கடையில் நிற்கிறாள். முதல் நாளே எழுதினாள்: "லீவு இல்லை. வரமாட்டன். படம் அனுப்பு." ஆமென் இல்லை, கைகூப்பு இல்லை. அவளுக்காக ஒரு கோழிக்கால் எடுத்துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு இல்லாதவர்கள் தனியாக ஒரு செய்தி போட்டிருந்தால் போதும், யாரையும் காசுக்காக விட்டுவிட்டுப் போனவர்கள் இல்லை நாங்கள். அறுவடை, தாய்க்குச் சுகமில்லை, எது என்றாலும் விளங்கிக்கொள்வேன். எனக்கு விளங்காதது நித்திரையை ஆண்டவர் தலையில் போடுவதுதான். உங்கள் படுக்கையை விட்டு எழும்ப விடாமல் அவர் காலைப் பிடித்துக்கொண்டா நின்றார்?

நேரத்துக்கு வரத் தெரியாதவர்களும் இல்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்று, கொஞ்சம் அசந்தால் இடம் போய்விடும் என்று மோட்டார் சைக்கிளிலேயே படுத்த அதே பொடியன்கள்தான் இவர்கள். என்னுடைய கத்தோலிக்கச் சிநேகிதி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கட ஆக்கள் ஆவணித் திருவிழாவுக்கு நாள்கணக்கா முன்னமே சட்டி பானையோட மடு மாதா கோயிலுக்குப் போய்க் கூடாரம் அடிக்கிறவை. 2015இல பாப்பரசர் மடுவுக்கு வரேக்க அம்மா எங்களை எழுப்பின நேரம் சேவலுக்கே தெரியாது. நீங்கள் கடலுக்குப் போக ஆள் இல்லை எண்டுறியள்." சைவ நண்பர்களிடம் போனால் அது இன்னும் அவமானம். அவர்கள் ஆட்கள் வடக்கே செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து தெற்கே கதிர்காமத்துக்கு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று நடந்தே போய்க் கொடியேற்றத்துக்கு நேரத்துக்கு நிற்கிறார்கள். எங்களுக்கு வாசலில் பஸ்.

ஒருவழியாகப் போனோம். 26 சீற்றில் ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு யன்னல், காலை நீட்ட ஒரு சீற், பாணுக்குத் தனியாக ஒரு சீற். பரந்தனில் திரும்பித் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று பாட்டும் கூத்துமாகப் போனது உண்மை. வட்டுவாகல் பாலத்தில் பாட்டு நின்றது. அங்கே எங்களுக்கு எப்போதும் நிற்கும், 2009இல் போரின் கடைசி நாட்களில் எங்கள் அம்மாக்கள் எங்களைத் தூக்கிக்கொண்டு கடந்த இடம் அது. பாலம் தாண்டியபிறகு பாஸ்டர்தான் மெதுவாக ஒரு பாமாலையை எடுத்துவிட்டார்.

கடல் நல்ல கடல். கடலில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சட்டி நிறையக் கோழிக்கறியோடு கடற்கரையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அலை எங்கே தெரியும்? ஒன்பது பேரும் மூச்சு முட்டத் தின்றும் பாதிச் சட்டி மிச்சம். சாரதி அண்ணைக்குப் போயா என்பதால் மச்சம் இல்லை. பாணும் சம்பலும் சாப்பிட்டார். பாஸ்டர் ஐயா, "ஐந்து அப்பமும் இரண்டு மீனும் போல, மீதியான துணிக்கைகளைப் பார் மகள்" என்றார். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. விசர் பிடித்தவள் மாதிரிச் சிரித்தேன். அங்கே சாப்பிட்டவர்கள் ஐயாயிரம் பேர் ஐயா, இங்கே ஐயாயிரம் பேருக்குச் சமைத்துவிட்டு ஒன்பது பேர் வந்திருக்கிறோம்!

மிச்சக் கறியை மூன்று நாள் வீட்டில் தின்றோம். அம்மா ஒவ்வொரு நேரமும் கோப்பையில் போட்டுவிட்டு, "சாப்பிடு, உன்ர ஆக்களின்ர பங்கு" என்று சொல்லிச் சொல்லிப் போட்டா. அட்வான்ஸ் போக மிச்ச வாடகையை யார் கட்டினது என்று கேட்கவேண்டாம். குறூப்பில் கணக்குப் போட்டு அனுப்பினேன். பதில் வந்தது. ஆமென்.

இன்னொன்று. இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் கை சூட்டோடு எழுதிவிடுகிறேன். சபைக் கிற்றாரைக் கரோலுக்குப் பழக என்று வாங்கிக்கொண்டுபோன தம்பி, கிறிஸ்மஸ் முடிந்து, புதுவருடம் முடிந்து, உயிர்த்த ஞாயிறும் முடிந்த பிறகுதான் கொண்டுவந்தாய். உறையைக் காணவில்லை. ஒரு தந்தியைக் காணவில்லை. பின்பக்கத்தில் கிரிக்கெட் கழகத்தின் ஒட்டுப்படம் ஒன்று மட்டும் புதிதாக இருக்கிறது. தந்தி எங்கேயடா என்று கேட்டால், "அஞ்சு தந்தியிலயும் வாசிக்கலாம் அக்கா, பழக்கத்தில வரும்" என்கிறாய். அப்படியென்றால் நீ கொண்டுபோன நாளில் ஏன் ஆறும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு போனாய்?