மாலத்தீவு ‘ஆல் இன்க்ளூசிவ்’ கட்டணத்தில் ஸ்கூபா அடங்குமா?

மாலத்தீவில் ‘ஆல் இன்க்ளூசிவ்’ (எல்லாம் ஒரே கட்டணத்தில்) ரிசார்ட் எடுத்தால் ஸ்கூபாவுக்கு, அதாவது காற்று உருளையுடன் கடலில் மூழ்கும் டைவிங்குக்கு, தனிச் செலவே இல்லை என்றும், கடைசி நாள் காலையில் டைவ் செய்துவிட்டு அன்று மாலையே விமானம் ஏறலாம் என்றும் ஒரு நண்பர் எழுதியிருப்பது திருத்தப்பட வேண்டியது. அந்தக் கட்டணம் பெரும்பாலும் அறை, உணவு, பானங்கள், சில இடங்களில் ஸ்நார்க்கல் (நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய் வழியே சுவாசித்து நீந்துவது) கருவிகள் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. டைவிங்குக்குத் தனியே விலை வைப்பதே அங்கு பரவலான வழக்கம், அதன்மேல் படகு, கருவி வாடகை, சேவைக் கட்டணம், வரி எனத் தொகை வளரும். முன்பதிவுக்கு முன்பே டைவ் மையத்தின் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது கூற்று பணத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. பல நாட்கள் தொடர்ந்து டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரமும், மேலேறும் வழியில் அழுத்த நீக்க நிறுத்தம் (நைட்ரஜன் மெல்ல வெளியேற இடையில் நின்று காத்திருப்பது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் செய்தவர் 12 மணி நேரமும் பறக்காமல் இருக்க வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. டைவின்போது உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் வெளியேறும் முன் விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்துக்குப் போனால், அது குமிழிகளாகி மூட்டுவலி முதல் கைகால் முடக்கம் வரை கொண்டுவரக்கூடும்.